குப்பைக்குப் பக்கத்தில் சாப்பிட்டவர்

குப்பையை எங்கே கொட்டலாம், எதை மக்க வைக்கலாம், எதை உருக்கி மறுபடி பொருளாக்கலாம், அழுகினதிலிருந்து வாயு எடுத்தால் எத்தனை அடுப்பு எரியும் என்று யோசனை சொல்வது அவருடைய பிழைப்பு. பாலக்காட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறை. ஒன்றில் அவர், மற்றதில் நான். குப்பை அவருடையது, சோலார் என்னுடையது. படியேறி வருகிற ஆள் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்பதைப் பார்த்தே யாருக்கு வேலை வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அவர் பக்கம்தான் திரும்புவார்கள். வெயில் எல்லா ஊரிலும் அடித்தாலும் குப்பை அளவுக்கு அது யாரையும் பயமுறுத்துவதில்லை.

நாங்கள் எல்லோரும் அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டோம். கல்பாத்தியில் தேர் ஓடும் தெருவில் பிறந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாடின கைத்தறிப் புடவை, ஆண்கள் போடுகிற மாதிரி கனமான செருப்பு, தோளில் ஒரு துணிப்பை. நான் முதலமடைப் பக்கத்து மாந்தோப்புக்காரன். கோயம்புத்தூரில் வேலை பார்த்து அலுத்துப்போய் ஊர்ப்பக்கம் திரும்பியவன். எனக்கும் அவருக்கும் பேச்சும் வேறு, சாப்பாடும் வேறு. ஆனாலும் பல வருஷம் ஒன்றாகவே தொழில் நடத்தினோம். அவர் போய் இப்போது இரண்டாவது மாம்பழப் பருவம் நடக்கிறது. படியில் கனமான செருப்புச் சத்தம் கேட்டால் இன்னமும் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பழக்கம் என்றும் சொல்லலாம், பிடிவாதம் என்றும் சொல்லலாம். ஓர் இடத்தில் குப்பைக் கிடங்கோ உரக்களமோ வாயுக்கலனோ வரலாம் என்று கையெழுத்துப் போடும் முன்னால், அதற்கு மிக அருகில் இருக்கிற வீட்டுக்குப் போய் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுவார். அவர்கள் போட்டால் அவர்கள் சாப்பாடு, போடாவிட்டால் பையிலிருக்கும் தயிர்சாதம். மண்ணைச் சோதிக்கவும் தண்ணீரைச் சோதிக்கவும் எங்களிடம் கருவி இருந்தது. நாற்றத்துக்கு மட்டும் இல்லை. அதற்குத்தான் இந்தச் சாப்பாடு.

"நாம ஒரு வேளை சாப்பிட முடியாத எடத்துல அவா மூணு வேளையும் சாப்பிடணுமாக்கும், கேட்டேளா" என்பார்.

அதுவும் ஒரு தடவை போதாது. எங்கள் பக்கத்தில் மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று வீசும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து திரும்பும். இரண்டு காற்றிலும் ஒவ்வொரு சாப்பாடு சாப்பிட்டாக வேண்டும். அரை வருஷம் காத்திருக்க வேலை கொடுப்பவர் யாருக்குப் பொறுமை இருக்கும்? பாதிப் பேர் வேறு கன்சல்டன்டைத் தேடிப் போய்விடுவார்கள். நான் தலையில் அடித்துக்கொள்வேன். அவர் அசைந்து கொடுக்க மாட்டார்.

ஆனைக்கரையில் ஓர் ஏலத்தோட்டம். ஏலக்காய் உலர்த்தும் கூடத்துக்கு விறகைக் குறைத்துச் சோலாரும் கழிவு எரிக்கும் உலையும் வைக்கலாமா என்று கேட்டு முதலாளி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தார். உலைக்கு அவர் காட்டிய இடம் லயத்துக்குப் பின்புறம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு ஒட்டினாற்போல. பழைய மருந்துப் புட்டிகளையும் பிளாஸ்டிக் பைகளையும் ஏற்கெனவே அங்கேதான் போட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி வீட்டில் எங்களுக்கு விருந்து தயாராகியிருந்தது. மேடம் தன் தட்டை எடுத்துக்கொண்டு நேரே லயத்துக்கு நடந்துவிட்டார். நானும் வேண்டாவெறுப்பாகப் பின்னால் போனேன். ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து பிசைய ஆரம்பித்தார். அந்த வீட்டுப் பெண் பதறிப்போனார்.

"இந்த நாத்தத்துல எப்படிம்மா சோறு எறங்கும்? அந்தப் பக்கம் வந்து உக்காருங்க."

மேடம் இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாய்க்குக் குமட்டிவிட்டது. எழுந்து கை கழுவிக்கொண்டு, மேட்டுக்கு அந்தப் பக்கம் உலை வைக்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி முதலாளியிடம் கறாராகப் பேசிவிட்டார். முதலாளி முறைத்தார், முணுமுணுத்தார், கடைசியில் மேட்டுக்கு அந்தப் பக்கமே வைத்தார். திரும்பும் வழியில் எனக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. விருந்தைத் தொடாமல் வந்த கோபத்தில் போடிமெட்டு வரும்வரை அவரோடு நான் பேசவில்லை. அங்கே டீக்கடை முன்னால் இறங்கினதும் மூக்கை ஒரு தடவை உறிஞ்சிவிட்டு, "காப்பித் தொலி எரிக்கறான், கூட ஏதோ ரப்பரும் போட்டிருக்கான்" என்றார். கடைக்காரர் அடுப்பிலிருந்து பாதி எரிந்த செருப்பை வெளியே இழுத்தார். கோபத்தை மறந்து நானும் சிரித்துவிட்டேன்.

அந்த மூக்கு ஒரு காய்ச்சலில் போனது. கொரோனா அலுவலகத்தில் எல்லோரையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனபின் நடந்தது அது. மதியம் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். நான் கருவாட்டுக் குழம்பு கொண்டுவரும் நாட்களில் அவர் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கடல் முழுக்கப் பாலக்காட்டுக்கு வந்துவிட்டது என்று என்னைக் கேலி செய்வார். அன்று கருவாட்டை எதிரில் திறந்து வைத்திருக்கிறேன், அவர் பாட்டுக்கு நேர் எதிரில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுகிறார். என்ன மேடம் என்று கேட்டேன்.

"மூக்கு போயிடுத்து. திரும்பி வரும்கறா டாக்டர்" என்றார், குடையை எங்கோ வைத்து மறந்தவர் மாதிரி.

வரவில்லை. பல மாதம் பார்த்தோம். எலுமிச்சை, கிராம்பு, யூக்கலிப்டஸ் தைலம் என்று தினமும் முகர்ந்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள். மேசைமேல் சின்னச் சின்னப் புட்டிகள். ஒவ்வொன்றாக எடுப்பார், கண்ணை மூடுவார், மூடி போட்டு வைத்துவிடுவார். எனக்கு அதைப் பார்க்கவே முடியாது. ஏதாவது சாக்குச் சொல்லிக் கீழே இறங்கிப் போய்விடுவேன்.

இனிமேல் இடம் பார்க்கப் போகும்போது என்னையோ வேறு யாரையோ கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். அவருக்கு அது சரிப்படவில்லை. அங்கே குடியிருக்கிறவர்களுக்கு மூக்கு இருக்கும்போது வாடகை மூக்கு எதற்கு, அவர்களையே கேட்டால் போகிறது என்றார். நியாயமாகத்தான் பட்டது. அப்படியே சில இடங்களில் கேட்டார், கேட்ட இடத்தில் சரியாகவும் சொன்னார்கள். பஞ்சாயத்துக் கிடங்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்கும் முன்பே அடிவயிற்றிலிருந்து திட்டினார்கள்.

அப்போதுதான் எங்கள் ஊர்ப்பக்கத்து வேலை வந்தது. மாங்காய் மண்டிக்காரர்கள் சிலர் கூட்டுச் சேர்ந்து ஒரு வாயுக்கலன் போட்டிருந்தார்கள். பருவத்தில் லோடு லோடாக அழுகுகிற மாம்பழத்தைச் சாலையோரம் கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. இனி அதிலிருந்து வாயு எடுக்கலாம், மிச்சத்தைத் தோப்புக்கு உரமாக விடலாம் என்று ஏற்பாடு. நல்ல யோசனைதான், சொன்னதும் மேடம்தான். கலனிலிருந்து வெளியே வரும் குழம்பைத் தேக்க ஒரு குழி உண்டு. அதை மூடித்தான் வைக்க வேண்டும் என்று வரைபடத்திலேயே எழுதியிருந்தார். மண்டிக்காரர்கள் மூடி பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று திறந்தே விட்டுச் சோதனை ஓட்டம் ஆரம்பித்துவிட்டார்கள். திறந்த குழியோடு முழு அளவு ஓட்டலாமா, கூடாதா என்பதற்கு மேடம் கையெழுத்து வேண்டும்.

குழிக்கு மேற்கே, ஒரு வேலி தள்ளி ஒரு வீடு. கணவன், மனைவி, கொஞ்சம் மாமரம். ஒரே பெண்ணை ஆனைமலைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவத்துக்கு அவளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும் என்று அந்த வீட்டுக்கார அம்மா சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, உள் அறையில் புதுக் கட்டில் போட்டுக் காத்திருந்தார்கள். அந்த வீட்டில்தான் மேடம் சாப்பிட உட்கார்ந்தார். தை மாதம், கிழக்குக் காற்று, குழியிலிருந்து நேராக வீட்டுக்குள் வீசும் நேரம். நான் அந்த வாரம் ஆனைக்கரையில் உலர்த்தும் கூடத்துச் சோலார் வேலையில் இருந்தேன். நடந்ததெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்ததுதான்.

தலைவாழை இலை போட்டு, பருப்பும் ரசமும் அரசாணிக்காய்ப் பொரியலும் வைத்தார்களாம். மேடம் பருப்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே, குழியிலிருந்து நாற்றம் வருகிறதா என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கார அம்மா, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, நல்லாச் சாப்புடுங்க" என்று இன்னொரு கரண்டி ரசம் விட்டிருக்கிறார்கள். கணவரைக் கேட்டபோது அவரும் ஒன்றுமில்லை என்று தலையாட்டியிருக்கிறார். மேடம் வயிறாரச் சாப்பிட்டு, வெற்றிலை வாங்கிக்கொண்டு, ஆனியில் மேற்குக் காற்றுக்கு மறுபடி வந்து சாப்பிடும்வரை குழி திறந்திருக்கலாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டார்.

பங்குனியில் பழம் குவிந்தது. மண்டிக்காரர்கள் கலன் தாங்குகிற அளவுக்கு மேல் கொட்டினார்கள். கலன் புளித்துப்போய், வாயு குறைந்து, பாதி வெந்த கூழாகக் குழியில் வந்து தேங்கியது. எனக்கு வேறொரு வேலை இருந்ததால் நானும் மேடமும் அந்த வழியாகக் காரில் போனோம். சாலையிலிருந்து திரும்புவதற்கு முன்பே நாற்றம் வந்து அடித்தது. கண்ணாடியை ஏற்றினேன். மேடம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோப்பில் காய் பிடித்திருக்கிற அழகைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடி எதற்கு ஏற்றினேன் என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் அவருக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த வீட்டு முன்னால் காரை நிறுத்தச் சொன்னார். கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தன. வீட்டுக்கார அம்மா வாயிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டுச் சிரித்த முகமாக வந்து, உள்ளே வந்து கை நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். அந்த நாற்றத்தில் சாப்பிடக் கூப்பிடுகிறார்களே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. மேடம் வாசலிலேயே நின்று கேட்டார்.

"அன்னிக்கு நான் கேட்டேனே. அப்பவும் நாத்தம் இருந்துதோ?"

வீட்டுக்கார அம்மா கணவரைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். அந்த அம்மாவே சொன்னார்கள்.

"இருந்துச்சுங்க. இவ்வளவு இல்லீங்க, ஆனா இருந்துச்சு."

"பின்னே ஏன் சொல்லலை?"

"சோத்துல கை வெச்சிருந்தீங்க. ஊட்டுக்கு வந்தவங்க சாப்புட்டுட்டு இருக்கறப்ப அதையெல்லாம் எப்படிங்க வாயில எடுக்கறது?"

நானும் அந்தப் பக்கத்தில் வளர்ந்தவன்தான். விருந்தாளி இலைமுன் இருக்கும்போது சாவு, சீக்கு, சாக்கடை எதையும் பேச மாட்டோம்; பேசினால் என் அம்மா முழங்கையில் ஒரு கிள்ளு கிள்ளுவாள். மேடத்துக்கும் இது தெரியாத விஷயமில்லை, கல்பாத்தியிலும் அப்படித்தான். ஆனால் மூக்கு இருந்தவரை அவர் யாரையும் கேட்டதில்லை. அவருடைய மூக்கே சொல்லிக்கொண்டிருந்தது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவராக ஆனபோது, கேட்கக்கூடாத நேரத்தில் கேட்டுவிட்டார். முன்பு திட்டினவர்கள் வீட்டில் அவருக்கு யாரும் இலை போடவில்லை. இங்கே ரசம் விட்டு உபசரித்தார்கள்.

பெண் வந்துவிட்டாளா என்று நான் பேச்சை மாற்றினேன். மாற்றியிருக்க வேண்டாம். வீட்டுக்கார அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. சம்பந்தி வீட்டார் ஒரு நாள் வந்து வாசலோடு மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார்களாம். எங்கள் பக்கத்தில் ஒன்பதாம் மாதம் தாய்வீட்டார் வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு போய், விருந்து வைத்து, பெண்ணைக் கையோடு கூட்டிவருவது வழக்கம். அதற்கும் போயிருக்கிறார்கள்.

"கட்டுச்சோறு ஆக்கிக் கொண்டு போனமுங்க. சோத்தை வாங்கிக்கிட்டாங்க, புள்ளைய அனுப்பல" என்றார்கள்.

பாலக்காடு வந்து மேடம் படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அதற்கு முன்னால் அவர் அதைப் பிடித்து நான் பார்த்ததில்லை.

அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்தில் எழுந்து நின்று, தான் கொடுத்த அறிக்கை தவறு, குழியை உடனே மூட வேண்டும் என்றார். மண்டிக்காரர்கள் கொதித்துப்போனார்கள். மூக்கில்லாமலா கையெழுத்துப் போட்டீர்கள் என்று அவர்களில் ஒருவர் மலையாளத்தில் கேட்டார். கூட்டம் சிரித்தது. ஆமாம் என்றார் மேடம். மறைக்கவும் இல்லை, மூடி போடாதது யார் என்று திருப்பிக் கேட்கவும் இல்லை. எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை, எழுந்து கத்தினேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

அந்தக் கேலி எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. மூக்கில்லாத கன்சல்டன்ட் என்று சொல்லிச் சிரித்தார்கள். படியேறி வருகிறவர்கள் எல்லோரும் என் பக்கம் திரும்ப ஆரம்பித்தார்கள். அவர் தன் அறையில் பழைய வரைபடங்களை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இனி எல்லா இடத்துக்கும் நானே கூட வருகிறேன், முகர்ந்து சொல்கிறேன், முன்போலவே செய்வோம் என்று கெஞ்சினேன். நான் பொய் சொல்ல மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். ஆனால் தான் அறியாததற்கு இனிக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று முடித்துவிட்டார். அவரை அவ்வளவு தனியாக நான் பார்த்ததில்லை.

ஒரு வேலையை மட்டும் விடவில்லை. அந்தக் குழியை மூட வைக்க அலைந்தார். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். கூழை அள்ளி, சுண்ணாம்பு தூவி, மண் போட்டு மூடும்போது பருவமே முடிந்திருந்தது. அந்தப் பெண்ணுக்கு மாமியார் வீட்டிலேயே குழந்தை பிறந்துவிட்டது. வீட்டுக்கார அம்மா பிள்ளைப்பேறு பார்க்கத் தன் சுண்ணாம்பு அடித்த வீட்டைக் கணவர் பொறுப்பில் விட்டுவிட்டு, சம்பந்தி வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு தாய்க்கு அதைவிடக் கூச்சமான காரியம் கிடையாது.

குழி மூடினபின், அங்கே போய் நேரில் சொல்ல வேண்டும் என்றார் மேடம். நான்தான் கார் ஓட்டினேன். சம்பந்தி வீட்டார் மரியாதையாக நாற்காலி போட்டார்கள். குழியை மூடியாகிவிட்டது, தவறு தன்னுடையது, பெண்ணையும் குழந்தையையும் ஒரு மாதமாவது தாய்வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று மேடம் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஆகட்டுங்க, பார்க்கலாமுங்க" என்றார் மாமனார், மிகவும் அன்பாக.

முன்பு என்றால் மேடம் அதை நம்பியிருப்பார். இப்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். அனுப்ப மாட்டார்கள் என்று எனக்கும் தெரிந்தது. இன்றுவரை அனுப்பவில்லை.

மாமனார் வெளியே போனபின் அந்தப் பெண் குழந்தையோடு வந்தாள். முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுடைய அம்மா குழந்தையை வாங்கி மேடம் மடியில் வைத்தார்கள். மேடம் குனிந்து அதன் உச்சியை முகர்ந்தார். எல்லோரும் செய்வதுதான். ஆனால் அவர் நிமிரவே இல்லை. மறுபடி மறுபடி முகர்ந்தார். எனக்குப் பார்க்கத் தாளவில்லை, வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"எப்படி மணக்கறது, சொல்லேன்" என்றார் அந்தப் பெண்ணிடம்.

"உங்களுக்குத் தெரியலீங்களா?"

"இல்லைடி கொழந்தே."

அவள் குனிந்து முகர்ந்து, "பாலும் வசம்பும் மணக்குதுங்க" என்றாள். அதோடு நிறுத்தியிருப்பாள். அவளுக்கே தெரியாமல் வந்துவிட்டது: "எங்கூட்டுல பெத்துக்கோணும்னு இருந்தேனுங்க. எங்கம்மாவ இங்க எல்லாரும் என்னென்ன பேசறாங்கன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

அம்மா அவசரமாகக் காப்பி டம்ளரோடு குறுக்கே வந்தார்கள். அவள் சின்னப்பிள்ளை, எதையும் மனதில் வைத்துக்கொள்ளக்கூடாது, முதலில் காப்பி குடிக்க வேண்டும் என்று மேடம் கையில் டம்ளரைத் திணித்தார்கள்.

மேடம் டம்ளரை வாங்கி, குடிக்காமல், கைக்கு எட்டாத தூரத்தில் தரையில் தள்ளி வைத்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"நான் ஒண்ணும் சாப்பிடலை. நீ சொல்லு" என்றார் அந்தப் பெண்ணிடம்.

அவள் எதையும் விடாமல் சொன்னாள். குழந்தை மடியிலேயே தூங்கிவிட்டது. அவள் சொல்லி முடிக்கும்வரை மேடம் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.